ஒற்றைச் சீட்டு விழுந்த நாள்

விற்பனைக் கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் மூன்று பேர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது ஏலம் கைபேசியில் நடக்கிறது. எங்கோ உட்கார்ந்திருக்கும் வியாபாரி, இங்கே குவிந்திருக்கும் மக்காச்சோளத்தைப் படத்தில் பார்த்து விலை போடுகிறார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் என்ற ஒன்றே இனி எதற்கு, விவசாயி இஷ்டப்பட்ட இடத்தில் விற்கட்டுமே என்று ஒரு பக்கம் பேசுகிறார்கள். சட்டம் விலகினால் சிறு விவசாயி அழிந்துபோவான் என்று இன்னொரு பக்கம் பேசுகிறார்கள். "மேடம், பயிற்சி வகுப்புல சாமை கேஸ் ஒண்ணு சொல்வீங்களே, அத அப்படியே எழுதிக் குடுங்க. சட்டம் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு அத விட நல்ல பதில் இல்ல" என்றாள் அவர்களில் ஒருத்தி.

அந்தக் கதையை வகுப்பில் சொல்ல ஏழெட்டு நிமிடம் ஆகும். மலையிலிருந்து சாமை கொண்டுவந்த ஒரு விவசாயி. ஒரே ஒரு வியாபாரி கேட்ட குறைந்த விலை. விதிப்படி அதைத் தள்ளுபடி செய்த ஓர் இளம் பெண் அலுவலர். எட்டு நாள் கழித்து அதே சாமைக்குக் கிடைத்த நல்ல விலை. கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், சிலர் குறித்துக்கொள்வார்கள். ஓய்வு பெறும்வரை நான் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். எழுதிவிட்டால் அதுவே நடந்ததாகிவிடும். அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் படித்தது விலங்கியல். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து முதலில் வந்த அழைப்பு வேளாண் விற்பனைத் துறை, மேற்பார்வையாளர் வேலை. தவளையை அறுத்துப் பார்த்தவளை நெல் மூட்டைக்கு நடுவே நிற்க வைத்தார்கள். எடை, ஈரப்பதம், தரம், பதிவேடு என்று மூன்று மாதம் பயிற்சி. அதில் நினைவில் நிற்பது ஒன்றுதான்: தானியத்தைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும், நசுங்கினால் காயவில்லை. பிறகு கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள கூடங்களில் ஒன்றுக்கு அனுப்பினார்கள். எது என்று எழுதவில்லை. கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை விளைச்சல் வந்து சேரும் கூடம் என்பது போதும்.

அப்போது என் மகளுக்கு ஏழு மாதம். கணவர் விழுப்புரத்தில் ஒரு வங்கியில் இருந்தார், சனிக்கிழமை வருவார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்வார். அவருக்கு முடியாத நாளில் குழந்தையைக் கூடத்துக்கே தூக்கிவருவேன். ஈரப்பதக் கருவி இருந்த அறையின் விட்டத்தில் சேலையைக் கட்டித் தூளி போட்டிருந்தேன். வேலைக்கு நடுவே இரண்டு தடவை எழுந்து போய், மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. எதைச் செய்தாலும், செய்த பிறகு தப்பாகிவிட்டதோ என்று நினைக்கும் சுபாவம் அப்போதே உண்டு, இப்போதும் போகவில்லை.

எங்கள் கண்காணிப்பாளர் தணிகாசலம் சார். வியாபாரிகள் வாங்கித் தரும் டீயைத் தொட மாட்டார்; வீட்டிலிருந்து பாட்டிலில் மோர் கொண்டுவருவார். தராசுத் தட்டைத் தன் கைக்குட்டையாலேயே துடைப்பார். காலையில் ஏலப் பெட்டியை விவசாயிகள் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்து, "பாத்துக்குங்க, காலி" என்று சொல்லிவிட்டுத்தான் பூட்டுவார். பெட்டிச் சாவியைச் சட்டைப் பையில் ஊக்கால் குத்தி வைத்திருப்பார்.

முறை இப்படி. வந்த சரக்குக்குக் குவியல் வாரியாக எண் போடுவோம். வியாபாரிகள் ஒவ்வொரு குவியலிலும் முழங்கைவரை கையை விட்டு அடிச்சரக்கை எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு சீட்டில் குவியல் எண்ணையும் தாங்கள் தரும் விலையையும் எழுதி மடித்துப் பெட்டியில் போடுவார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு மணிக்குச் சார் பெட்டியைத் திறப்பார். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையால் நீவி, மேசையில் வரிசையாக வைப்பார். அதிக விலையைக் கரும்பலகையில் எழுதுவார். அப்புறம் அந்தக் குவியலின் சொந்தக்காரரை அழைத்து, "சம்மதமா?" என்று கேட்பார். தலையாட்டினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் இதில் அவர் அவசரப்பட்டதில்லை.

அவருடைய அப்பா மணிலாக்கொட்டை விற்ற காலத்தில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, துண்டுக்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்களாம். பக்கத்திலேயே நிற்கும் சரக்குக்காரருக்கு என்ன பேசினார்கள் என்று தெரியாது. "எங்கப்பா கடைசி வரைக்கும் அந்தத் துண்டுக்குள்ள என்ன நடந்துச்சின்னு தெரியாமலே செத்தாரும்மா" என்பார் சார்.

நான் விலங்கியல் படித்தவள் என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு என்னிடம் பேச ஒரு விஷயம் கிடைத்தது. "மீனு, தவள, பல்லி, கொரங்கு, அப்பறம் மனுசன். சமுதாயமும் அதே மாதிரிதாம்மா ஏறி வருது. மொதல்ல பண்டமாற்று. அப்பறம் தரகு. அப்பறம் மண்டி. இப்ப நம்ம கூடம். மலைக்காரங்க இன்னும் மொதல் படியில நிக்கறாங்க. கையப் புடிச்சி மேல தூக்கறதுதான் நம்ம வேல" என்பார்.

இயற்கை ஏணி அல்ல, கிளைவிட்ட மரம் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தவளை என்பது மனிதனாகத் தவறிப்போன ஒன்று அல்ல. அது தவளையாகவே முழுமையானது. சாரிடம் இதைச் சொல்ல நினைத்திருக்கிறேன். ஆனால் அவ்வளவு நேர்மையான மனிதர் நம்பிக்கையோடு பேசும்போது குறுக்கே பேச வாய் வரவில்லை. அவர்தான் என் தகுதிகாண் அறிக்கையையும் எழுத வேண்டியவர்.

ராஜமாணிக்கம் முதலாளிக்கு வேறொரு கொள்கை. உள்ளூர் வியாபாரி. கூடம் வருவதற்கு முன்னால் உப்பும் துணியும் ஏற்றிக்கொண்டு மலைமேல் போய், அதற்கு ஈடாகச் சாமையும் புளியும் கடுக்காயும் அளந்து வந்தவர். மலையில் எல்லாரையும் உறவு சொல்லிக் கூப்பிடுவார். சட்டம் வந்த பிறகு அப்படி வாங்கக் கூடாது. அந்த வருத்தத்தை என்னிடம் கேலியாக இறக்குவார்.

"மேடம் பூச்சி புழு படிச்சவங்களாமே. ஒரு சந்தேகம் கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"பாம்பு தவளையப் புடிக்கிறப்ப எந்த ஆபீசுல லைசென்ஸ் வாங்குது?"

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போய், சிரித்திருக்கக் கூடாதோ என்று யோசித்தேன்.

அந்த ஆண்டு மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சாலை மறியல் வரப்போகிறது என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். அந்த வாரத்தின் தொடக்கத்தில் சடையன் வந்தார். வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூர். ஐம்பது வயதிருக்கும். பன்னிரண்டு மூட்டைச் சாமையை மாட்டில் ஏற்றி இறக்கி, அடிவாரத்தில் வண்டி பிடித்துக் கொண்டுவந்திருந்தார். கூட அவருடைய மகள் மல்லிகா, பதினெட்டு வயது. அந்த ஊரிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த முதல் பெண். கடலூரில் ஒரு பள்ளியில் ஆசிரியர் பயிற்சிக்கு, மலைப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தது. கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகியிருந்தாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் நேரில் வந்து, விடுதிக்கான முன்பணம் கட்டிச் சேர வேண்டும்.

"நீ பாரு தாயி, இந்தச் சாமை அத்தினியும் இவ படிப்புக்குத்தான்" என்றார் சடையன். "வூட்டுக்குன்னு ஒரு குண்டான் கூட வைக்கல." மலைக்காரர்கள் எங்களை நீ என்றுதான் சொல்வார்கள். அதில் மரியாதைக் குறைவு கிடையாது.

சாமையைக் கடித்துப் பார்த்தேன். நசுங்கியது. கருவியிலும் ஈரம் அதிகம் காட்டியது. காயாத சரக்கை ஏலத்துக்கு எடுக்க முடியாது. களத்தில் பரப்பச் சொன்னேன். மழைக்கும் வெயிலுக்கும் நடுவே இரண்டு நாள் அப்பாவும் மகளும் அதைப் பரப்புவதும் அள்ளுவதுமாக இருந்தார்கள். அந்த இரண்டு நாளில் வெளியூர் வியாபாரிகள் வந்திருந்தார்கள், நல்ல விலை போட்டார்கள், போய்விட்டார்கள். மூன்றாம் நாள் புதன்கிழமை. சாமை 'டக்' என்று உடைந்தது. குவியலுக்கு எண் போட்டேன். அன்றைக்கென்று ஆத்தூர் வியாபாரியும் சேலத்துக்காரரும் வரவில்லை. மறுநாள் மறியல், வண்டி மாட்டிக்கொள்ளும் என்று பயம்.

இரண்டு மணிக்குச் சார் பெட்டியைத் திறந்தார். சடையனின் குவியலுக்கு ஒரே ஒரு சீட்டு. ராஜமாணிக்கம் போட்டது.

எங்கள் கூடத்து விதி இது. ஒரு குவியலுக்கு மூன்று சீட்டாவது விழ வேண்டும். குறைந்தால் ஏலம் தள்ளுபடி. மறுநாள் மீண்டும் வைக்கலாம். அவசரம் என்றால், விவசாயி எழுதிக் கொடுத்து, பொறுப்பு அலுவலர் காரணம் எழுதினால், ஒற்றைச் சீட்டையும் ஏற்கலாம். தள்ளுபடியான சீட்டில் இருந்த விலையை யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் மறுநாள் எல்லாரும் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

சார் சீட்டை நீவிப் பார்த்துவிட்டு என் பக்கம் நகர்த்தினார். "சாமைக் களம் உன் பொறுப்பும்மா. நீயே முடிவெழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

போன வாரத்து விலையில் மூன்றில் இரண்டு பங்குதான் எழுதியிருந்தார் ராஜமாணிக்கம். அந்த எண்ணை இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குறைந்த விலைதான். ஆனாலும் அந்த விலைக்கு ஆறு மூட்டை விற்றால் மல்லிகாவின் விடுதிக்கும், பெட்டிக்கும், இரண்டு சேலைக்கும், பஸ்ஸுக்கும் போதும். மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறே ஆறு மூட்டை.

அன்று கன்னியம்மா அக்கா ஊரில் இல்லை, குழந்தை கருவி அறைத் தூளியில் இருந்தது. அங்கே போனேன்; சடையன் வாசலில் நின்றிருந்தார். மல்லிகா தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமல் அவளாகவே ஆட்டினாள்.

"ஒரு சீட்டுதாம்மா விழுந்திருக்கு" என்றேன். "வெல கம்மி. நாளைக்கு வைக்கலாமா?"

"எத்தினி மேடம் எழுதியிருக்கு?"

"அத சொல்லக் கூடாது."

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "இன்னிக்கு ஆறு மணிக்குக் கடலூர் பஸ் இருக்குது மேடம். நாளைக்குப் பஸ் ஓடாதுன்னு சொல்லிக்கினாங்க" என்றாள்.

"மறியல்னா காலைல ஒரு மணி நேரம் உக்காருவாங்க, போலீசு வந்து எழுப்பிடும். நாளைக்கு மத்தியானம் ஆத்தூர் வியாபாரி வந்துடுவாரு. வெள்ளிக்கிழம காலைல பஸ் ஏறினாலும் மூணு மணிக்குள்ள போயிடலாம்."

நான் அதை நம்பித்தான் சொன்னேன். அதுவரை நான் பார்த்த மறியல்கள் அப்படித்தான் இருந்தன.

சடையன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்கு இன்னா தாயி தெரியும். நீ படிச்சவ. நீ எப்பிடிச் சொல்றியோ அப்பிடி."

அவர் எழுதிக் கொடுத்திருப்பார். நான் சொல்லியிருந்தால் பெருவிரலை மையில் தோய்த்து வைத்திருப்பார். நான் சொல்லவில்லை. அவருடைய நியாய விலைக்காகத்தான் என்று வகுப்பில் சொல்வேன். அது பொய்யில்லை, ஆனால் அது மட்டுமில்லை. ராஜமாணிக்கத்தின் ஒற்றைச் சீட்டைப் புதிதாக வந்த பெண் ஏற்றாள் என்று எழுதினால், தணிக்கைக்கு வருகிறவர் என்ன நினைப்பார் என்று பயந்தேன். பாம்பு, தவளை என்று என்னைச் சிரிக்க வைத்தவருக்கு அன்றைக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. 'தள்ளுபடி' என்று எழுதினேன். சார் கையெழுத்துப் போட்டார்.

ராஜமாணிக்கம் விடவில்லை. "மேடம், நான் ஜாஸ்தி எழுதலன்னு வச்சிக்குங்க. ஆனா இன்னிக்கு இந்தப் பக்கம் வந்தவன் நான் ஒருத்தன்தான? அந்தப் பொண்ணு கைல பணம் இருந்தா இன்னிக்கு பஸ் ஏறிடும். அஞ்சாறு மூட்டைய கேட்டுக்கு வெளிய எடுத்தாரச் சொல்லுங்க. இதே வெலைக்கு எடுத்துக்கறேன்."

"வெளிய வித்தா குத்தம்" என்றார் சார். "இந்த வட்டாரம் பூரா அறிவிக்கப்பட்ட பகுதி. வெளிய போனதும் வெலைய நீ இன்னும் கம்மி பண்ணுவ. எனக்குத் தெரியும்."

"பண்ணுவனோ மாட்டனோ, வித்துப் பாத்தாதான சார் தெரியும்" என்றார் ராஜமாணிக்கம்.

இன்றுவரை அதற்கு எனக்கு விடை தெரியவில்லை. சரக்கு வெளியே போக வேண்டுமானால் கேட் சீட்டில் என் கையெழுத்து வேண்டும். நான் போடவில்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். வீட்டில் பீரோவில் பணம் இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தேவையானதை விடச் சற்று அதிகமாகவே இருந்தது. வீடு கூடத்திலிருந்து பத்து நிமிட நடை. எடுத்து வந்து கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். ஐந்து மணிக்கு வாசல்வரை வந்தும் விட்டேன். கணவர் விழுப்புரத்தில். நாளைக்கு மறியல். பால்பவுடர் டின்னில் அடி தெரிந்தது. இரவில் குழந்தைக்கு ஜுரம் வந்தால், கையில் ஒன்றும் இல்லாமல் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவேன்? போதாததற்கு, அலுவலர் விவசாயிக்குக் கைப்பணம் கொடுத்தால் அதற்கும் பேச்சு வரும். ஒரு நாள்தானே என்று திரும்பி வந்து பதிவேட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். கடலூர் பஸ் ஹாரன் அடித்தபடி போனது எனக்குக் கேட்டது.

மறுநாள் விடிவதற்குள் சாலை முழுவதும் புளியமரங்கள் கிடந்தன. வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ்ஸில்லை, லாரியில்லை, தபாலில்லை. சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு என்று கேள்விப்பட்டோம். கன்னியம்மா அக்கா தங்கை ஊரில் மாட்டிக்கொண்டார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, விழுந்த மரங்களைச் சுற்றி நடந்து கூடத்துக்குப் போனேன். ஒரு மரத்தருகே நின்ற இளைஞர்கள் வழிமறித்தார்கள். அவர்களில் ஒருவர், "டேய், கைக்கொழந்தையோட வராங்க, வழி வுடு" என்று கிளையைத் தூக்கிப் பிடித்தார். நான் குனிந்து நுழைந்தேன். "எங்க வூட்டுப் புள்ளைங்களும் ஒங்கள மாதிரி ஒரு ஆபீசுல உக்காரணும்ல மேடம். அதுக்குத்தான் இம்மாம் கஷ்டமும். கோச்சிக்காதீங்க" என்றார். கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவர் கேட்டது நியாயம். மல்லிகா கையில் இருந்த கடிதமும் அதே நியாயத்தால் வந்ததுதான். ஒரு நியாயம் இன்னொன்றின் வழியில் குறுக்கே விழுந்து கிடந்தது.

அன்று சீட்டே விழவில்லை. ராஜமாணிக்கம் மட்டும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, கூடத்துப் படியில் உட்கார்ந்தார். அவர் வாங்கவும் முடியாது. சரக்கை எங்கே கொண்டுபோவது? "பாத்தீங்களா மேடம்" என்றார். கேலி இல்லை. "பலம் இருக்கறவங்க மரத்த வெட்டிப் போட்டாங்க. சர்க்காரு காது குடுத்துக் கேக்கும், கேக்கணும். சடையன் எத வெட்டிப் போடுவாரு? அவரு வெட்டினா காட்டு மரத்த வெட்டினாருன்னு கேஸுதான் போடுவாங்க. நீங்க படிச்ச பாடத்துல இதுக்குப் பேரு இன்னா?"

பிழைத்தது எல்லாம் பிழைக்கத் தகுதியானது என்று நான் படித்த பாடம் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் தப்பியது, அவ்வளவுதான். அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

சடையனும் மல்லிகாவும் விவசாயிகள் தங்கும் கொட்டகையில் இருந்தார்கள். ஒரு மூட்டையைப் பிரித்து, உரலில் குத்திக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். மலைக்கு நடந்தே போயிருக்கலாம். ஆனால் சாமையை விட்டுவிட்டு எப்படிப் போவது? மல்லிகா பகலெல்லாம் என் மகளைப் பார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது. தூளியை ஆட்டிக்கொண்டே, "இன்னேரம் ஆபீசுல பேரப் படிச்சிருப்பாங்க மேடம்" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று கேட்பது மாதிரி சொன்னாள்.

"மறியல்னால தேதிய நீட்டுவாங்கம்மா. கட்டாயம் நீட்டுவாங்க. நான் லெட்டர் எழுதறேன்" என்றேன்.

எழுதினேன். மரங்களை அகற்றித் தபால் ஓடத் தொடங்கிய முதல் நாளே அனுப்பினேன். மற்ற மாணவிகள் குறித்த நாளுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டதாகவும், வராதவரின் இடம் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டதாகவும் பதில் வந்தது. அவர்களும் விதிப்படிதான் செய்திருந்தார்கள். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பேன்.

ஒற்றைச் சீட்டு விழுந்த எட்டாம் நாள் மறு ஏலம். வெளியூர் வியாபாரிகள் எல்லாரும் வந்தார்கள். எங்கும் சரக்கு இல்லாததால் போட்டி. சடையனின் சாமைக்கு ஏழு சீட்டு. அந்தப் பருவத்திலேயே அதுதான் அதிக விலை. சார் பலகையில் எழுதிவிட்டு, "சம்மதமா?" என்று கேட்டார். சடையன் பலகையைப் பார்க்கவில்லை. படிக்கவும் தெரியாது. "சம்மதம்" என்றார். மல்லிகா வாய்க்குள் அந்த எண்ணைப் படித்தாள்.

அந்த மாதம் சார் மேலிடத்துக்கு எழுதிய குறிப்பில் இதைச் சேர்த்தார். நல்ல கையெழுத்து என்று என்னைத்தான் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, 'மலைவாழ் விவசாயி ஒருவர் ஒற்றைச் சீட்டின் குறைந்த விலையிலிருந்து காப்பாற்றப்பட்டார்' என்று எழுதினேன். என் தகுதிகாண் பருவம் எந்தக் குறையும் இல்லாமல் முடிந்தது. குறிப்பு பயிற்சி ஏட்டில் ஏறியது.

கடலூர்ப் பதில் வந்த அன்று அதைச் சாரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் வலித்தது என்றுதான் நினைக்கிறேன். "ஒரு பொண்ணுக்கு நட்டம்தாம்மா" என்றார். "ஆனா மலைக்கே லாபம். ஒத்தச் சீட்டு செல்லாதுன்னு இனிமே எல்லாருக்கும் தெரியும். ஒரு சமுதாயம் மேல ஏர்றப்ப சிலபேரு உதிரத்தான் செய்வாங்க."

அன்றைக்கு அது ஆறுதலாக இருந்தது. பல வருடம் கழித்து, வகுப்பெடுத்துவிட்டு ரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது. ராஜமாணிக்கம் சொன்னதும் இதுதானே. முடியாதது விழும் என்று அவர் படியில் உட்கார்ந்து பச்சையாகச் சொன்னார். சார் அதையே மோர் குடித்துவிட்டு, மெதுவாக, நல்லெண்ணத்தோடு சொன்னார். இரண்டு பேர் கணக்கிலும் மல்லிகா உதிர்ந்த ஒன்று. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துண்டுக்கடியில் விரல் பிடித்த காலம் திரும்பி வரட்டும் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால், விலக்குக் கொடுக்க இடம் விட்டு எழுதியிருந்த விதியை, விலக்கே இல்லாததாக ஆக்கியது நான். அதற்குச் சட்டத்தையும் குறை சொல்ல முடியாது, பரிணாமத்தையும் குறை சொல்ல முடியாது.

சார் ஓய்வு பெற்று, பிறகு காலமானார். ராஜமாணிக்கத்தின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனார்கள். நான் ஊர் ஊராக மாறி, ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கையில் அதே கூடத்துக்குக் கண்காணிப்பாளராக வந்தேன். ஒரு நாள் ஏலம் முடிந்து விலைப் பலகை முன்னால் மலைக்காரர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் ஒரு பெண் அவர்களுக்கு விலையைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவள்தான் வந்தாள்.

"மேடம், மல்லிகா. சடையன் பொண்ணு. பாப்பா நல்லாக்கீதா?"

என் மகள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். மல்லிகாவுக்கு அடுத்த வருடமே கல்யாணம் ஆகிவிட்டதாம். சாமையும் மரவள்ளியும் போடுகிறார்களாம். பக்கத்தில் நின்ற பெண்ணைக் காட்டி, "எம் பொண்ணு. பத்தாவதோட நின்னுட்டா. எவ்ளோ சொல்லியும் போவல. படிச்சி நீ மட்டும் இன்னா ஆனன்னு கேக்குறா மேடம்" என்றாள். அந்தப் பெண் வேறு பக்கம் பார்த்தாள்.

"அப்பா?"

"போயிட்டாரு. அஞ்சாறு வருசம் ஆவுது." கொஞ்சம் தயங்கினாள். "மேடம், ஒண்ணு கேக்கலாங்களா? அன்னிக்கு அந்த ஒத்தச் சீட்டு. அந்த வெலைக்கு வித்திருந்தா எனக்குக் கட்டறதுக்குப் பத்தியிருக்குமா? பன்னெண்டு மூட்ட போட்டாலும் பத்தாது, அதான் மேடம் வேணாம்னாங்கன்னு அப்பா சாவற வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு. அவருக்கு எப்பிடித் தெரியும், நீங்கதான் வெலையச் சொல்லலியே. நெசமான்னு தெரியணும், அவ்ளோதான்."

விதியின்படி இப்போது அந்த விலையைச் சொல்லலாம். அந்த ஏலம் முடிந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"பத்தியிருக்காதும்மா" என்றேன்.

அவள் முகம் சற்றுத் தளர்ந்தது. மகள் பக்கம் திரும்பி, "பாத்தியா. தாத்தா பொய் சொல்லல" என்றாள். மூட்டை தூக்கும் ஆள் கூப்பிட்டார். இருவரும் எடைமேடைப் பக்கம் போனார்கள்.

அவள் மனது ஆறட்டும் என்று சொன்னேனா, நான் தப்பிக்கச் சொன்னேனா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மல்லிகா படிக்கத் தெரிந்தவள். என்றாவது இது அவள் கைக்குப் போகலாம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆறு மூட்டை போதும், மல்லிகா. மீதி ஆறு மூட்டையை உன் அப்பா வீட்டுக்கே எடுத்துப் போயிருக்கலாம்.